மாமியாரின் சர்க்கரையும் திரும்பி ஓடும் கோடும்

சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரையும் சேர்த்தே விட்டுவிடுகிறேன். அவருடைய மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி. தினம் காலையில் வெறும் வயிற்றிலும், மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி கழித்தும் விரல் நுனியில் குத்தி, சின்ன மெஷினில் பார்த்து, டயரியில் மருமகள் குறித்து வருகிறார். போன தடவை டாக்டர் டயரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் களைத்துப்போய், "இதை ஒரு கிராஃபாகப் போட்டுக் கொண்டு வாருங்களேன், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்" என்றாராம்.

காலேஜில் படிக்கும் பிள்ளை, ‘க்னூப்ளாட்’ என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் வழக்கமே அதுதானே! அம்மா மூன்று மாதக் கணக்கைத் தட்டச்சு செய்து, கட்டளை கொடுத்துப் பார்த்திருக்கிறார். கோடு வலது பக்கம் நன்றாகத்தான் போயிற்றாம். போய்க்கொண்டே இருந்தது திடீரென்று திரும்பி இடது பக்கம் ஓடி வந்துவிட்டதாம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எட்டிப் பார்த்த மாமியார், "ஐயையோ, எனக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று பயந்து, அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் பயத்தினாலோ கோபத்தினாலோ சாப்பாட்டை விடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் அதுவே பெரிய ஆபத்து. உங்கள் மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உடனே போய்ச் சொல்லுங்கள். குற்றம் தேதியில் இருக்கிறது.

க்னூப்ளாட்டைப் பற்றி மற்ற வாசகிகளுக்கும் இரண்டு வார்த்தை. 1986-ல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் ஆரம்பித்தது. இதில் படம் போட்டுப் பொத்தானை அமுக்குகிற வேலை கிடையாது; வேலைக்காரப் பையனிடம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகக் கட்டளை எழுத வேண்டும். பெயர் வந்த கதை வேடிக்கை. ஒருவர் ‘லாமாப்ளாட்’ என்று வைக்கச் சொன்னார். மற்றவர் ‘என்ப்ளாட்’ என்றார். சரி, ‘நியூப்ளாட்’ என்று வைப்போம் என்று சமாதானமாகப் போனால், அந்தப் பெயரில் மட்டமான புரோகிராம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கடைசியில், உச்சரிப்பில் ‘நியூ’வைப் போலவே ஒலிக்கும் காட்டு மிருகம் ஒன்றின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறபோது நடக்கும் ரகளைக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல. இலவசம்தான், ஆனால் கட்டளையில் ஓர் எழுத்து பிசகினாலும் விடாது. நான் இங்கே கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்திலேயே தட்ட வேண்டும்.

இப்போது கோடு ஏன் திரும்பி ஓடிற்று என்று பார்ப்போம். சகோதரி எழுதி வைத்திருக்கும் வரி இப்படி: 31-01-2025, அப்புறம் காலை அளவு, மத்தியான அளவு, எடை. அடுத்த வரி 01-02-2025. நமக்கு அது தேதி. க்னூப்ளாட்டுக்கு அது வெறும் எண். ‘31’ வரைக்கும் படித்துவிட்டு, நடுக்கோடு வந்ததும் நின்றுவிடுகிறது. அடுத்த நாள் அதன் கண்ணுக்கு ‘1’. ஆகவே முப்பத்தொன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி ஓடுகிறது. ஜனவரி முடிந்ததும் ஒரு தடவை, பிப்ரவரி முடிந்ததும் ஒரு தடவை. இரண்டு தடவை சரியாகப் போயிற்று, அல்லவா?

தேதி என்று சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். ‘செட் எக்ஸ்டேட்டா டைம்’ என்று ஒரு வரி. பிறகு, தேதியை நீங்கள் எழுதியிருக்கும் தினுசு: ‘செட் டைம்ஃபெமட் "%டி-%எம்-%ஒய்"’. இதில் டியும் எம்மும் சின்ன எழுத்து, ஒய் மட்டும் பெரிய எழுத்து. இந்த இடத்தில் நின்று நிதானமாகத் தட்டுங்கள். சின்ன எம் என்றால் மாதம். பெரிய எம் என்றால் நிமிஷம்! பெரிய எம் போட்டுவிட்டால் மூன்று மாதமும் ஒரே மாதத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதுபோல் சின்ன ஒய் என்றால் இரண்டு இலக்க வருஷம், பெரிய ஒய் என்றால் நாலு இலக்கம்.

‘டைம்ஃபெமட்’ என்பது ஃபைலில் தேதி எப்படி இருக்கிறது என்பதற்கு. படத்தின் அடியில் எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறு சமாசாரம். அதற்கு ‘செட் ஃபார்மட் எக்ஸ் "%டி %பி"’ என்று போட்டால் நாளும் மாதச் சுருக்கமும் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தேதி வைத்துப் போடும்போது எந்தப் பத்தியை எடுக்க வேண்டும் என்று ‘யூஸிங் 1:2’ என வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு படமே போடாது. ஒரு மாதத்தை மட்டும் பார்க்க ஆசைப்பட்டு ‘செட் எக்ஸ்ரேஞ்ச்’ கொடுத்தால், அதிலும் தேதிகளை அதே தினுசில், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

இன்னொரு சகோதரி, "எனக்குக் கோடே வரவில்லை, செல்லுபடியான புள்ளி ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கிறது" என்று எழுதுகிறார். அவர் கணக்கில் பத்திகளுக்கு நடுவே காற்புள்ளி இருக்கிறது. க்னூப்ளாட் இடைவெளியைத்தான் பத்திக்குப் பத்தி வேலியாக எடுத்துக்கொள்ளும். ‘செட் டேட்டாஃபைல் செபரேட்டர் ","’ என்று ஒரு வரி முன்னாலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

மறுபடி மாமியாருக்கே வருகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரி 9 முதல் 20 வரை அவர் பெண் வீட்டுக்குப் போயிருந்தாராம். அங்கே ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. (நாத்தனாரைப் பற்றிக் கடிதத்தில் இருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.) அந்தப் பன்னிரண்டு நாளை என்ன செய்வது? சகோதரி, பார்க்காத நாளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறார். சர்க்கரை அளவு பூஜ்யம் என்று கோடு தரையில் போய் விழுகிறது. அந்தப் பன்னிரண்டு வரிகளையும் எடுத்துவிட்டாலோ, 8-ஆம் தேதிப் புள்ளியிலிருந்து 21-ஆம் தேதிப் புள்ளிக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அந்த நாட்களில் எல்லாம் சீராக இருந்ததுபோல் தோன்றும். பெண் வீட்டில் என்னென்ன பட்சணம் சாப்பிட்டாரோ, யார் கண்டது! இரண்டும் பொய். இரண்டாவது பொய் அழகாக இருப்பதால் இன்னும் மோசம்.

அந்த இடத்தில் ஒரே ஒரு காலி வரி விடுங்கள். கோடு அங்கே அறுந்து, 21-ஆம் தேதி மறுபடி ஆரம்பிக்கும். அல்லது தேதியை எழுதி, அளவுக்குப் பதிலாக என், ஏ, என் என்று மூன்று எழுத்துப் போடலாம். ‘எண் அல்ல’ என்பதன் சுருக்கம் அது. அப்போதும் கோடு அறும். காலை அளவு மட்டும் விட்டுப்போய், மத்தியான அளவு இருக்கிற நாட்களுக்கு இதுதான் சௌகரியம். ‘செட் டேட்டாஃபைல் மிஸ்ஸிங் "-"’ என்று ஒரு கட்டளையும் உண்டு. விடுபட்ட இடத்தில் சின்னக் கோடு போட்டு இதைச் சொன்னால் புள்ளியை விட்டுவிடும். ஆனால் இரு பக்கத்துப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பாதகமில்லை. பன்னிரண்டு நாளுக்கு வேண்டாம்.

கோடு முள்ளு முள்ளாக இருக்கிறது, அழகாக வளைந்து வர வேண்டும் என்று பலருக்கு ஆசை. ‘ஸ்மூத் சிஸ்ப்லைன்ஸ்’ என்று சேர்த்தால் வளைந்து நெளிந்து பூக்கோலம்போல் வரும். டாக்டருக்குக் காட்டுகிற படத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அழகாக வளைய வேண்டும் என்பதற்காக அந்தக் கோடு, நீங்கள் எந்த நாளும் அளக்காத உயரத்துக்குப் போய்விட்டு இறங்கும். ‘வித் லைன்ஸ்பாயின்ட்ஸ்’ போடுங்கள். புள்ளியும் தெரியும், கோடும் தெரியும். எது அளந்தது, எது இழுத்தது என்பது பளிச்சென்று இருக்கும்.

காலை அளவும் மத்தியான அளவும் ஒரே படத்தில் இருக்கலாம். இரண்டும் ஒரே அலகு. ‘ப்ளாட்’ என்று சொல்லி ஃபைல் பெயர், ‘யூஸிங் 1:2’. பிறகு ஒரு காற்புள்ளி. அப்புறம் ஃபைல் பெயரை மறுபடி எழுத வேண்டியதில்லை. மளிகைக் கணக்கில் ‘மேற்படி’ போடுகிறோமே, அதுபோல் நடுவில் ஒன்றுமில்லாத வெறும் மேற்கோள் குறி "" போட்டு ‘யூஸிங் 1:3’ என்றால் போதும். கடைசியில் இன்னொரு காற்புள்ளி போட்டு 80, மறுபடி காற்புள்ளி, 130 என்று சேர்த்தால் அந்த உயரங்களில் இரண்டு நேர்கோடு விழும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை என்று சொல்கிறது; வயதானவர்களுக்கு டாக்டர் வேறு எல்லை சொல்லக்கூடும். அவர் சொன்ன எண்ணையே போடுங்கள்.

எடையை அதே படத்தில் போட்டால், சர்க்கரை 200-க்குப் போகும்போது 62 கிலோ எங்கோ கீழே தரையோடு தரையாகக் கிடக்கும். ‘செட் ஒய்2டிக்ஸ்’ என்று வலது பக்கம் இன்னொரு அளவுகோலை நிறுத்தி, எடைக்கு மட்டும் ‘ஆக்ஸஸ் எக்ஸ்1ஒய்2’ என்று சொல்ல வழி இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. இரண்டு அளவுகோலையும் இஷ்டப்படி மேலும் கீழும் இழுத்து, எடை குறைந்ததால்தான் சர்க்கரை குறைந்தது என்று யாரை வேண்டுமானாலும் நம்ப வைத்துவிடலாம். எடைக்குத் தனிப் படம் போடுங்கள். அதிலும் ஒரு சங்கதி: க்னூப்ளாட் தானாக எல்லை வைத்துக்கொண்டால் 62.5-லிருந்து 61.8-க்கு வந்தது மலை உச்சியிலிருந்து விழுந்ததுபோல் இருக்கும். முக்கால் கிலோகூட இல்லை! ‘செட் ஒய்ரேஞ்ச் [50:70]’ என்று நீங்களே எல்லை சொல்லுங்கள். பட்டைகளாக, அதாவது ‘வித் பாக்ஸஸ்’ போட்டால் மட்டும் ‘[0:*]’ என்று பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பட்டையின் உயரம்தான் அங்கே பேசுகிறது.

லண்டனில் மூத்த பிள்ளை இருக்கிறான், அவனுக்கும் படம் அனுப்ப வேண்டும் என்கிறார் சகோதரி. அங்கே சர்க்கரையை வேறு அலகில், மில்லிமோலில் சொல்வார்கள். நம் எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். ‘யூஸிங் 1:($2/18)’ என்று எழுதுங்கள், சரியாக வரும். ‘($2*(1/18))’ என்று எழுதினால் கணக்கு வாத்தியார் மார்க் போடுவார், க்னூப்ளாட் போடாது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுவது அதன் சுபாவம். 1/18 அதற்குப் பூஜ்யம். மூன்று மாதமும் பூஜ்யத்திலேயே ஒரு கோடு படுத்திருக்கும். லண்டன் பிள்ளை டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடப் போகிறான்! 1.0/18 என்று ஒரு புள்ளி வைத்தால் போதும்.

சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் அடிக்கோடு போட்டால் அடுத்த எழுத்து சின்னதாகிக் கீழே இறங்கிவிடும். ‘நோஎன்ஹான்ஸ்ட்’ என்று சேர்த்தால் நிற்கும். நீளமான கட்டளையை அடுத்த வரிக்கு மடிக்கப் பின்சாய்கோடு போட்டால், அதற்குப் பிறகு ஒரு இடைவெளிகூட இருக்கக் கூடாது. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், இதில் ஒரு மத்தியானமே போய்விடும்.

படத்தை அச்சடிக்க ஃபைலாக எழுதினால் உள்ளே ஒன்றுமே இல்லை என்பது எல்லாருடைய புகார். ‘செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ’ என்று முதலில், ‘செட் அவுட்புட்’ என்று ஃபைல் பெயர் இரண்டாவது, அப்புறம்தான் ‘ப்ளாட்’. முடிந்ததும் ‘அன்செட் அவுட்புட்’ சொல்ல வேண்டும். வேலை முடிந்தது என்று நீங்கள் சொல்கிற வரைக்கும் அது ஃபைலை மூடாமல் காத்துக்கொண்டிருக்கும். ‘பிஎன்ஜி’ என்ற பழைய முறையை விட்டு ‘பிஎன்ஜிகெய்ரோ’வைச் சொன்னதற்குக் காரணம் நம் தமிழ்தான். பழையதில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்து, ‘கொலஸ்ட்ரால்’ என்பதைப் படிக்க முடியாமல் போகலாம். ‘செட் என்கோடிங் யூடிஎஃப்8’ என்று சொல்லி, தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரையும் கொடுத்துவிட்டால் தலைப்பு லட்சணமாக வரும். மாமியாரே படித்துக்கொள்ளலாம்.

இத்தனை வரிகளையும் மாதா மாதம் தட்ட வேண்டியதில்லை. ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, ‘லோட்’ என்று அதன் பெயரைச் சொன்னால் எல்லாம் தானே நடக்கும். டயரி எழுதுகிற வேலை மட்டும் பாக்கி. மின்சாரக் கணக்கை அனுப்பிய சகோதரிக்கு அடுத்த வாரம் பதில்.