மரபணு மட்டுமே விதியன்று

புற்றுநோயை மரபணுவின் பிழையாகவே காணும் நோக்கு ஆய்வுலகில் நெடுங்காலமாக ஆட்சி செலுத்தி வருகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கழகத்தில் பெய்டன் ரௌஸ் என்பார் கோழியின் கட்டியொன்றை அரைத்து வடிகட்டி, உயிரணுக்கள் நீங்கிய சாற்றைப் பிற கோழிகளுக்குச் செலுத்த, அவற்றிலும் கட்டி தோன்றியதை 1911ஆம் ஆண்டில் அறிவித்தார். அக்கட்டியை விளைத்த தீநுண்மியின் புற்று மரபணு, இயல்பான கோழியின் உயிரணுவிலிருந்தே வந்தது என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் நிறுவினர். ரௌசுக்கு 1966இலும் பின்னவர் இருவருக்கும் 1989இலும் நோபல் பரிசு கிட்டியது.

அந்தத் தீநுண்மியையும் கோழியையும் கொண்டே இந்நோக்கின் குறையைக் காட்டியவர் மினா பிசெல் அம்மையார். 1940இல் டெஹ்ரானில் பிறந்து, ஹார்வர்டில் நுண்ணுயிரியலும் மரபியலும் பயின்று முனைவரானவர். 1972 முதல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றினார். ரௌசின் தீநுண்மியை முட்டைக்குள் வளரும் கருவின் சிறகில் அவர் குழுவினர் செலுத்தினர். தீநுண்மி உள்ளே தொற்றியது, கட்டி எழவில்லை. அக்கருவின் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்ததும் அவை புற்றின் இயல்பைக் காட்டின. இம்முடிவு 1984இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் தீநுண்மியைச் செலுத்தி மறு சிறகில் காயம் ஏற்படுத்தினால், காயம்பட்ட இடத்திலும் கட்டி எழுந்தது. மரபணு ஒன்றே, சூழல் வேறானபோது விளைவும் வேறாயிற்று.

சூழல் என்று இங்கே குறிப்பது, உயிரணுக்களைத் தாங்கி நிற்கும் புரதப் பின்னலை. அப்பின்னல் வெறும் தாங்கி அன்று, உயிரணுவின் கருவோடு ஓயாது உரையாடுவது என்னும் கருத்தை அவர் 1982இலேயே முன்வைத்திருந்தார். எலியின் பால்சுரப்பி உயிரணுக்கள் பிளாஸ்டிக் தட்டில் பால் சுரக்கும் திறனை இழக்கின்றன. எலிக் கட்டியிலிருந்து எடுத்த லேமினின், கொலாஜன் முதலியன செறிந்த கூழில் இட்டால், அவை உள்ளீடற்ற உருண்டைகளாகத் திரண்டு பாற்புரதத்தைச் சுரக்கின்றன. 1997இல் அவர் குழுவினர் மார்பகப் புற்றுயிரணுக்களை அத்தகைய கூழில் வளர்த்து, அவை பின்னலைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்றை எதிர்ப்பொருளால் தடுத்தனர். மரபணுப் பிழைகள் அனைத்தும் அப்படியே இருக்க, அவ்வுயிரணுக்கள் ஒழுங்கான சுரப்பியின் வடிவத்துக்கு மீண்டன.

இதைப் புற்றுக்கு மருந்து கிடைத்துவிட்டதாகப் பறைசாற்றுவது அறமாகாது. கூழில் கண்ட மீட்சி வேறு, நோயாளியின் உடல் வேறு. அந்தக் கூழும் குறையற்றதன்று. விலங்கின் கட்டியிலிருந்து பெறுவதால் ஒவ்வொரு முறையும் அதன் இயைபு சற்றே மாறும். ஆதலின், செயற்கைப் பல்படிமங்களால் அளவறிந்து இழைத்த நீர்க்கூழ்களை உயிரிப்பொருள் அறிஞர்கள் உருவாக்கி வருகின்றனர்.

விலங்கின் மரபணுவில் தொடங்கி உயிரிப்பொருளின் வழியே புற்றுக்குச் செல்லும் ஆய்வாளரை, குறிக்கோளின்றி அலைபவர் என்று மதிப்பீட்டுக் குழுக்கள் கருதுவது எளிது. ஒரே வினாவை மூன்று துறைகளிலும் துரத்தியவர் என்று காண்பதற்குத்தான் பொறுமை வேண்டும். கனடாவின் கெய்ர்ட்னர் பரிசு மினா பிசெலுக்கு 2020இல் வழங்கப்பெற்றது. 1982ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. நிதி வழங்கும் குழுக்கள் இனியேனும் விண்ணப்பதாரரின் துறைப்பெயரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய வினாவைப் படிக்கட்டும். தட்டையான பிளாஸ்டிக்கில் மட்டும் மருந்தைச் சோதித்துவிட்டு வெற்றி கூறும் விண்ணப்பங்களிடம், பின்னலுக்குள் அது என்ன செய்தது என்று தவறாமல் கேட்கட்டும்.