குழந்தையை வளர்க்கலாம்... சொந்தம் கொண்டாட முடியாது! ‘ஃபாஸ்டர் கேர்’ பெற்றோர் ஆக என்ன தகுதி வேண்டும்?

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகளுக்கு யாராவது ஒருவர் சொல்லும் யோசனை இது: “எதுக்குங்க இத்தனை வருஷம் வெயிட் பண்றீங்க? ஃபாஸ்டர் கேர்ல கேளுங்க, சீக்கிரமா குழந்தை கிடைச்சிடும்.” இது பாதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் போய் நின்றால் ஏமாற்றம் அந்தத் தம்பதிக்கு மட்டும் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை வீட்டை இழந்த குழந்தைக்கும்தான்.

நாடு முழுக்க 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தெடுப்புக்காக ‘காரா’ எனப்படும் மத்திய அமைப்பில் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். 2024-25-ல் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேர். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் கேட்பது கைக்குழந்தை. “ஏழு வயசு, எட்டு வயசுப் பிள்ளையா? அது நம்மகிட்ட ஒட்டாதுங்க” என்ற பேச்சு நம் ஊரில் புதிது இல்லை. அதனால் வளர்ந்த பிள்ளைகள் பலர் குழந்தைகள் இல்லத்திலேயே படித்து, 18 வயதில் அங்கிருந்தே வெளியே வருகிறார்கள்.

இவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பார்கள். சிறை, தீராத நோய், மனநலப் பாதிப்பு, குடி என்று ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளையை வளர்க்க முடியாத நிலை. பெற்றோர் உரிமை இருப்பதால் தத்துக் கொடுக்க முடியாது, வீட்டுக்கும் அனுப்ப முடியாது. இந்த இடைவெளிக்காக வந்ததுதான் ஃபாஸ்டர் கேர், அதாவது வளர்ப்புப் பராமரிப்பு.

தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தத்தெடுத்தால் அந்தக் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. சொத்து, வாரிசு உரிமை எல்லாம் தானாக வரும். வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. படிப்பு, சாப்பாடு, வைத்தியம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் சட்டம் உங்களைப் பெற்றோர் ஆக்குவதில்லை.

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு இதை விரிவாகச் சொல்கிறது. பெற்றோரால் வளர்க்க முடியாததால் வந்த குழந்தை என்றால், அவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் உங்கள் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். குழந்தையின் நலனுக்கு ஆகாது என்று குழந்தைகள் நலக் குழு நினைத்தால் மட்டுமே அதற்குத் தடை. பெற்றோர் தேறிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகலாம். மூன்று வருஷம் தூக்கி வளர்த்தோம் என்று வாதாட முடியாது.

சித்தி வீட்டிலும் பாட்டி வீட்டிலும் பிள்ளைகள் வளர்வது நமக்குப் பழகிய விஷயம். முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளையை வளர்த்து, ஒருநாள் அந்த அம்மாவிடமே கையில் கொடுப்பது பழகாத விஷயம். விண்ணப்பத்தில் இதற்கென்று கட்டம் எதுவும் கிடையாது. ஆனால் உண்மையான தகுதித் தேர்வு இதுதான்.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-ல் திருத்திய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. திருமணம் ஆனவர்கள் மட்டும் என்ற பழைய நிலை அதில் மாறியது. திருமணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் என எல்லாரும் இப்போது விண்ணப்பிக்கலாம். தனி நபருக்கு வயது 35 முதல் 60 வரை. 12 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் 55-தான் உச்ச வரம்பு. தனியாக வாழும் பெண், ஆண் குழந்தை பெண் குழந்தை யாரையும் ஏற்கலாம். தனியாக வாழும் ஆணுக்கு ஆண் குழந்தை மட்டுமே.

தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும். முன்பு இருவருக்குமே 35 வயது தாண்டியிருக்க வேண்டும். இப்போது இருவர் வயதையும் கூட்டினால் 70 வந்தால் போதும். கணவருக்கு 38, மனைவிக்கு 33 என்றால் 71, ஓகே. அதிகபட்சம், 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு 110, அதற்கு மேல் 115.

எப்படித் தேர்வு செய்வார்கள்?

காராவின் இணையதளத்தில் பதிவு செய்து ஆவணங்களை ஏற்றலாம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார்கள். சட்டம் பார்க்கச் சொல்வது குடும்பத்தின் திறன், நோக்கம், வசதி, பிள்ளை வளர்த்த அனுபவம். நோக்கம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஒரு ஆள் என்று நினைத்து வருபவர்களைத் தடுக்க வேண்டிய இடம் இது. கடைசி உத்தரவு குழந்தைகள் நலக் குழுவுடையது. குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அண்ணன் தங்கை என்றால் முடிந்தவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு குழந்தைக்குத் தயாராகிப் போனவர்களிடம் “ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துப்பீங்களா?” என்ற கேள்வி வரலாம்.

உத்தரவு கிடைத்தாலும் அதோடு முடியாது. மாதாமாதம் ஆய்வு உண்டு. கவனிப்பு சரியில்லை என்றால் குழந்தை வேறு குடும்பத்துக்கு மாற்றப்படும்.

பணம் தருவார்களா?

‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். இது சம்பளம் கிடையாது, குழந்தையின் செலவுக்கான தொகை. ஸ்கூல் வேன், டியூஷன், ஒரு காய்ச்சல் என்றாலே கரைந்துவிடும் தொகை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு தத்தெடுக்க முடியுமா?

முடியும். முன்பு 5 ஆண்டுகள் வளர்த்திருக்க வேண்டும், இப்போது 2 ஆண்டுகள். ஆனால் குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்திருக்க வேண்டும். பெற்றோர் உரிமையோடு இருக்கும் குழந்தைக்கு அந்த வழி திறக்காது. இன்னொரு பக்கம், தத்துக்குத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதே 44-வது பிரிவு சொல்கிறது. ஆக, கைக்குழந்தைக்கான வரிசையைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி இது இல்லை.

“ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை இருக்கு, பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் உஷார். முறையான நடைமுறை இல்லாமல் குழந்தையைத் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆர்வம் உள்ளவர்கள் அந்தந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1098-க்கு அழைத்துக் கேட்கலாம், 24 மணி நேரமும் இலவசம்.