மீன் தீவன வரிக் குறைப்பு: மூட்டையில் எழுதிய புரதம் மீன் உடம்பில் சேருகிறதா?

2025 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில், மீன், இறால் தீவனத்தில் சேர்க்கும் மீன் ஹைட்ரோலைசேட்டுக்கான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீன் கழிவுகளை நொதி கொண்டு சிறு துண்டுகளாக உடைத்து எடுக்கும் புரதம் இது. பாதி செரித்த நிலையில் இருப்பதால்தான் இதற்கு மதிப்பு. ஏற்றுமதி இறாலுக்கான சங்கதிதானே என்று நாஞ்சில் நாட்டுக் குளங்களில் கட்லா, ரோகு விட்டிருப்பவர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம். செரிக்குமா என்ற கேள்வி நாம் போடும் புண்ணாக்குக்கும் உண்டு.

தீவன மூட்டையில் 'கச்சாப் புரதம் 30%' என்று இருக்கும். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வரும் எண் அது. கோழி இறகை அப்படியே அரைத்துச் சோதித்தாலும் புரதம் அதிகமாகத்தான் காட்டும். ஆனால் மீன் அதைச் செரிக்காது.

செரிமானத்தை அளப்பது எப்படி? மீன் குடலில் சேராமல் அப்படியே வெளியேறும் குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைத் தூளை 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ கலப்பார்கள். சில நாள் அதைக் கொடுத்துப் பழக்கியபின், எச்சத்தைச் சேகரித்துக் காயவைத்துச் சோதிப்பார்கள். ஓர் உதாரணக் கணக்கு: எச்சத்தில் அந்தத் தூள் 2 சதவீதம் இருந்தால், 100 கிலோ தீவனத்துக்கு 25 கிலோ எச்சம் விழுந்திருக்கிறது. அதில் புரதம் 12 சதவீதம் என்றால் வீணானது 3 கிலோ. 30-இல் 27 கிலோ மீனுக்குச் சேர்ந்தது. இன்னொரு தீவனத்தில் தூள் 1.25 சதவீதம் மட்டும் என்றால் எச்சம் 40 கிலோ. அதில் புரதம் 22.5 சதவீதம் இருந்தால் 9 கிலோ போய்விட்டது. சேர்ந்தது 21 கிலோதான். இரண்டு மூட்டையிலும் அச்சிட்டிருப்பது அதே 30.

எச்சம் தண்ணீரில் ஊறினால் சத்து கரைந்து போகும். செரிமானம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். எனவே 95 சதவீதம் என்று யாராவது சொன்னால், எச்சத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

செரிக்காத புரதம் குளத்தின் அடியில் அழுகி அம்மோனியாவாகிறது. அழுகும்போது ஆக்சிஜனையும் தின்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே பதப்படுத்துதல் முக்கியம். சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. சூடாக்கினால் அது அடங்கும். தேங்காய்ப் புண்ணாக்கில் நார் அதிகம்; அதை மட்டுமே நம்ப முடியாது. மலையோரத்தில் சும்மா கிடைக்கிற ரப்பர் கொட்டையில் சயனைடு உண்டாக்கும் நச்சு இருக்கிறது. பச்சையாகப் போடவே கூடாது.

பச்சைத் தூள் சோதனையை நாம் குளத்தில் செய்ய முடியாது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். விற்பவரிடம் புரதச் செரிமான அளவைக் கேட்கலாம். பதில் வராவிட்டால், மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடை போட்டு, போட்ட தீவனத்தை மொத்த எடைக் கூடுதலால் வகுத்து எழுதிவையுங்கள். குளத்தில் தானாக விளையும் நுண்ணுயிர் உணவும் அந்தக் கணக்கில் கலந்துவிடும். அதனால் பக்கத்துக் குளத்தோடு ஒப்பிடாமல், அதே குளத்தில் தீவனம் மாற்றுவதற்கு முந்தைய மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.