சிமுலேட்டரில் ஒரு டர்போபிராப்

விமானியாகப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: சிமுலேட்டரில் ஏடிஆர் 72-600 விமானத்தை உருப்படியாக ஓட்டிப் பார்த்தாயா?

சுபாங்கில் நாம் பார்க்கும் ஏடிஆர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. ஜெட் பழக்கம் இதில் செல்லாது. துணை மின் இயந்திரம் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, மின்சாரமும் குளிர்காற்றும் பெறுகிறார்கள். இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர் (நல்ல பெயர்தான்!). பவர் லீவரை ஒரேயடியாகப் பின்னால் இழுத்தால் ஆறு பிளேடுகளும் தட்டையாகத் திரும்பிக் காற்றை மறிக்கும். வேகம் மளமளவெனக் குறையும். விசையை மாற்றும்போதெல்லாம் மூக்கு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ரட்டரால் சரிசெய்தாக வேண்டும். இயற்பியல் பாடத்தில் முறுக்குவிசை வெறும் சூத்திரம். இங்கே அது கண்முன் நகரும் முள்.

பத்து விமானங்களை வாங்கி, எதன் கையேட்டையும் திறக்காமல், ஆட்டோபைலட்டைத் தட்டிவிட்டு அமர்வது எனக்குப் பணவிரயமாகவே படுகிறது. வீட்டில் ஓட்டிய மணிநேரம் உரிமத்துக்குக் கணக்கில் சேராது, உண்மைதான். ஆனால் விமானிப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் ரிங்கிட் ஆகும். பெற்றோர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், ஒரே சரிபார்ப்புப் பட்டியலை ஐம்பதாவது முறையும் வரிவரியாகப் படிக்கும் பொறுமை நமக்கு உண்டா என்பதைச் சில வாரங்களில் இந்த விமானமே காட்டிவிடும்.