விற்க வீடு இருப்பவர்களின் மந்தகாலம்

2025 ஆகஸ்ட் கடைசியில் என் சித்தி மகன் பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தான். கையில் இரண்டு பை, முதுகில் ஒரு பை. சித்தி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் போன் செய்து, "தம்பி வேலைய உட்டுட்டானா, அவங்களே அனுப்பிட்டாங்களான்னு நீ கேளு" என்றார்.

அவன் வேலை பார்த்தது ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தயாரித்த ஒரு நிறுவனத்தில். ஆகஸ்ட் 20 மக்களவையிலும் 21 மாநிலங்களவையிலும் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நிறைவேறியது. 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் நாடு முழுக்கத் தடை. அந்த வாரமே ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது.

அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டில் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளைப் படித்த யாரும் ஆதரிக்கவே செய்வார்கள். 2022இல் நீதிபதி சந்துரு தலைமையிலான குழு தடை கேட்டுப் பரிந்துரைத்தது. சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகு 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. ஆனால் சூதாட்ட முதலாளிகளுக்கு விழுந்த அடியில் எங்கள் காலனியின் முதல் கம்ப்யூட்டர் இன்ஜினியரும் வீட்டுக்கு வந்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேமுக்கும் இந்தச் சூதுக்கும் சம்பந்தம் கிடையாது. நம் ஊரில் இரண்டுக்கும் 'கேம் கம்பெனி' என்று ஒரே பெயர்தான்.

ஒரு வாரம் கழித்து அவனே பேசினான். "அக்கா, நாங்க மூணு பேரு சேந்து கம்பெனி ஆரம்பிக்கப் போறோம். சூது இல்ல. நெசமான கேமு."

எந்த நேரத்தில் இதைச் சொல்கிறான் பாருங்கள். ஜூலையில்தான் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது. உலக அளவில் கேம் துறை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் ஒரே நாளில் கேம் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது. ஆனால் லிங்க்ட்இன் பக்கம் போனால் வேறு பாட்டு. மந்தகாலத்தில்தான் தொடங்க வேண்டும், போட்டி குறைவு, நல்ல ஆட்கள் மலிவாகக் கிடைப்பார்கள். அதற்கு உதாரணமும் வைத்திருக்கிறார்கள். 2008 நெருக்கடிக்குப் பின் திவாலாகும் நிலைக்கு வந்த பின்லாந்தின் ரோவியோ, ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்கள் செய்து பார்த்துவிட்டு 2009 டிசம்பரில் 'ஆங்ரி பேர்ட்ஸ்' வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் சுவீடனில் ஒரு ஆள் தனியாக 'மைன்கிராஃப்ட்' தொடங்கினார்.

கதை உண்மைதான். அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். பின்லாந்தில் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, வேலை போனால் அரசு உதவித்தொகை உண்டு, டேக்கஸ் என்ற அரசு நிதி அமைப்பு பல ஆண்டுகள் கேம் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தது. ஐம்பது முறை தோற்கலாம் என்பது அங்கே தனிமனிதத் துணிச்சலாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கு ஒரு முறை. அந்த ஒரு முறைக்கே கல்விக்கடன் பாக்கி.

இந்தியாவிலேயே ஒரு உதாரணம் உண்டு. புனேவின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி'. 2017இல் அவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி கேட்டார்கள், சேரவில்லை. நிறுவனர்கள் தங்கள் அடுக்குமாடி வீட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'வீட்டை விற்று' என்ற இரண்டு சொற்களில் நான் நின்றுவிட்டேன்.

செந்துறைப் பக்கம் சித்தி வீடு இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனையில். ஓட்டை மாற்றித் தளம் போட்டிருக்கிறார். அதை விற்றால் யார் வாங்குவார்? ஊர்த்தெருக்காரர் காலனிக்குள் வீடு வாங்கி நான் பார்த்ததில்லை. காலனிக்காரரிடம் அவ்வளவு பணம் கிடையாது. அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவைக் காட்டினால் வங்கி மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டை மூடுகிறார். சென்னையில் அடுக்குமாடி வைத்திருப்பவருக்கும் என் சித்திக்கும் வீடு என்பது ஒரே பொருள் அல்ல. ஒருவருக்கு அது கூரை, முதல் இரண்டும். இன்னொருவருக்குக் கூரை மட்டும். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதிலிருந்து நம் சொத்துரிமை இப்படி அரைகுறையாகவே வந்திருக்கிறது. விற்க முடியாது என்ற பாதுகாப்பு வேண்டியிருந்தது, அதே பாதுகாப்பு அடமானம் வைக்கவும் விடாது. நிலத்தையோ அந்த நிபந்தனையோ விட்டுவிடச் சொல்லவில்லை. அடமானம் கேட்காத பணம் வேண்டும் என்கிறேன்.

திறமை இருந்தால் பணம் தேடி வரும் என்று தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். குழுமூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1,200க்கு 1,176 வாங்கிய அனிதாவுக்கு எது தேடி வந்தது என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

கணக்கு போட்டோம். மூன்று பேருக்கு மாதம் 15,000 வீதம் ஒரு வருடம், 5,40,000. இரண்டு நல்ல கணினி, ஒரு வரைபலகை, யுபிஎஸ், இணையம் சேர்த்து இன்னொரு இரண்டு லட்சம். ஸ்டீம் தளத்தில் ஒரு கேமைப் பதிய 100 டாலர், விற்றதில் 30 சதவீதம் அவர்களுக்கு. கூகுள் பிளேவில் ஒரு முறை 25 டாலர். மென்பொருளுக்குச் செலவே இல்லை, காரணம் கோடோ. பொருளாதார நெருக்கடிகளிலேயே வாழ்ந்து பழகிய அர்ஜென்டினாவின் இரண்டு நிரலாளர்கள் எழுதி, 2014இல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட கேம் என்ஜின் அது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் தம்பி அதைக் கற்றான். யூனிட்டி நிறுவனம் 2023இல் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு கைவிட்ட கதையை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "நமக்கு ஓசிதான் அக்கா கௌரவம்."

ஆக ஏழரை லட்சம். அம்பேத்கர் பெயரில் 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தொழில்முனைவோர் திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது, நல்ல திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஸ்டார்ட்அப்களுக்கென்று தனி நிதியும் இருக்கிறது. இந்தியாவில் எத்தனை மாநிலம் இதைச் செய்தது? ஆனால் மானியத்துக்கு முன்னால் கடன், கடனுக்கு முன்னால் வங்கி. ஒரு வங்கிக் கிளையில் நானும் கூடப் போனேன். "மெஷின் என்ன? கொட்டேஷன் எங்க?" என்றார்கள். பொக்லைன் என்றாலோ ஆட்டோ என்றாலோ புரிந்திருக்கும். இந்தத் தொழிலில் செலவு என்பது மூன்று பேரின் ஒரு வருடச் சாப்பாடு. அதற்குக் கொட்டேஷன் யார் கொடுப்பார்? நம் பிள்ளைகளுக்கான திட்டங்கள் இன்னும் இரும்பை மட்டுமே முதலீடாகப் பார்க்கின்றன. சம்பளச் செலவைத் திட்டச் செலவாக ஏற்கும் சிறு மானியம், பத்து லட்சத்துக்குள், பெரம்பலூரிலேயே விண்ணப்பிக்கும்படி வேண்டும். எறையூரில் காலணித் தொழிற்பூங்காவுக்கு இடம் கண்டுபிடிக்க முடிந்த மாவட்டத்தில் மூன்று நாற்காலிக்கு இடம் கிடைக்காதா?

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. பெரம்பலூரில் வாடகைக்கு அறை பார்த்தார்கள். கம்பெனி பெயரையோ தொழிலையோ யாரும் கேட்கவில்லை. "எந்த ஊரு? எந்தத் தெரு?" மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே.

இனி என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவன் என்ன கேம் செய்யப் போகிறான் என்று கேட்காமலேயே நான் யோசனை சொல்லத் தொடங்கிவிட்டேன். 'ராஜி' புராணத்தை எடுத்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் செய்த 'வெண்பா', புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை எடுத்து, 2024இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இட்லியிலும் பிரியாணியிலும் ஒரு தாயின் தனிமையைக் காட்டிய அழகான வேலை. நீ நம் சுடுகாட்டுப் பாதையை எடு, பிணம் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் போவதை எடு என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நான் லாரி கேம் பண்றேன் அக்கா."

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளில் அவற்றுக்கு நடுவே புகுந்து மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் பள்ளம், புழுதி, குறுக்கே ஓடும் ஆடு. அவன் செய்து வைத்திருந்த மாதிரியை என் போனில் ஆடிப் பார்த்தேன். பதினோரு முறை லாரியில் அடிபட்டேன், பன்னிரண்டாவது முறை ஆட்டை இடித்தேன். சிரிப்பு தாங்கவில்லை.

நம் பிள்ளை எதைச் செய்தாலும் அதில் வலி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பறவையைக் கவண் கட்டி எறிந்து கோடி சம்பாதிக்கலாம். நம் பிள்ளை மட்டும் சாட்சி சொல்லியே சாப்பிட வேண்டுமா? அந்தச் சாலையில் அடிபட்டவர்களை அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அதை வேடிக்கையாகச் செய்கிறான்.

இப்போதைக்கு இருவர் முழுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்றாமவர் பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு இரவில் ஒலி சேர்க்கிறார். நான் 60,000 தருவதாகச் சொல்லியிருக்கிறேன். என் ஆராய்ச்சி ஊக்கத்தொகை பாக்கி வந்ததும் கொடுக்க வேண்டும். நான்கு மாதப் பாக்கி, இன்னும் வரவில்லை.