கத்தரிக்காய் பார்க்கும் கண் வேண்டும்!

கார் வாங்கப் போகிறவர்கள் வீட்டு அம்மாளைக் கடைசி நாளன்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். எதற்காக? நிறம் தேர்ந்தெடுப்பதற்காக! இதைவிட விபரீதமான வழக்கம் வேறு கிடையாது என்பது என் அபிப்பிராயம். நிறத்தை ஐயாவே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வண்டியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அம்மாளிடம் விட்டுவிட வேண்டும். அதுவும் பழைய கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். மோட்டார்ப் பைத்தியம் பிடித்த ஆண்பிள்ளைகள் எதிரில் பளபளப்பாக ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், பெண் பார்க்கப் போன பிள்ளையாண்டான் மாதிரி ஆகிவிடுவார்கள். பேச்சே எழும்பாது. பெண்மணிகள் அப்படியா? கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைப் பார்க்கிறார்கள், திருப்பிப் பார்க்கிறார்கள், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார்கள். "இது நேற்றுக் காய்தானே?" என்று ஒரு போடு போடுகிறார்கள். பழைய கார் வாங்குவதற்கு இந்தக் குணம் போதும்.

வெறும் முகஸ்துதி என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமலே, பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார், தாய் வீட்டுக்குத்தான்! ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் கட்டை தேய்ந்து போயிற்று. செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் வைத்து அடித்துக்கொண்டார். மேட்டில் வண்டி திணறியது; ஆகவே இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்கு யோசனை சொன்னார். உலகத்தின் முதல் நெடுந்தூர மோட்டார்ச் சோதனையை நடத்தியவர் ஒரு குடும்பத் தலைவிதான்!

சரி, புதுக் கார் இருக்கும்போது பழைய கார் எதற்கு? பவுன் வாங்கி வைத்தால் விலை ஏறும் என்று நம்பலாம். கார் வாங்கினால் இறங்கத்தான் செய்யும். இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பைக் கழிப்பதற்கு வழக்கமான ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதம் தாண்டினால் 15 சதவிகிதம் கழிவு. ஒரு வருஷம் தாண்டினால் 20. இரண்டு தாண்டினால் 30. மூன்று தாண்டினால் 40. நான்கு தாண்டினால் 50. எட்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி, நாலு வயது முடிந்ததும் காகிதத்தில் நாலு லட்சம்! சந்தை விலை சற்றுக் கூடக்குறைய இருக்கலாம். எப்படியானாலும் அந்த நஷ்டத்தில் பெரும் பகுதியை முதல் சொந்தக்காரர் தலையில் விட்டுவிட்டு, நன்றாகப் பராமரித்த நாலைந்து வயது வண்டியை வாங்குகிற குடும்பம் புத்திசாலிக் குடும்பம்.

ஆனால், நன்றாகப் பராமரித்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலை வேளையில் போங்கள். நாம் வருவதற்கு முன்னால் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ சமாளிப்பு நடந்திருக்கிறது. இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கிளப்பிய பிறகு நீலப் புகை விடாமல் வந்துகொண்டிருந்தால், எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தபடி டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்கங்கள் சேர்ந்தாற்போல் இருக்கும். 2321 என்றிருந்தால், 2021-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர். டயருக்கும் ஜாதகம் உண்டு! ஓடிய தூரம் 20,000 கிலோமீட்டர்தான் என்று மீட்டர் காட்டுகிறது; பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சென்னையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, வெளியூர் வண்டி என்று சொல்லி விற்றாலும் விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளம் கண்ட வண்டியானால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியக்கூடும். கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கையை விட்டுத் துழாவுங்கள். ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடித்ததைத் திறக்காமலே கண்டுபிடிக்கும் மூக்குக்கு இது பிரமாதமில்லை. தண்ணீர் குடித்த மின்சாரக் கம்பிகள் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கும். உயிர் காக்க வேண்டிய ஏர்பேக் வேளை பார்த்துக் காலை வாரிவிடும்.

இழுத்த பெல்ட்டை உள்ளே போக விட்டு, வெடுக்கென்று ஒரு தடவை இழுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டும். 1959-ல் ஸ்வீடனின் வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற இஞ்சினியர் அமைத்துக் கொடுத்த மூன்று முனைப் பெல்ட் இது. மோட்டாரில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு எஞ்சின் அல்ல, இதுதான். முன் ஸீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் தாய்மார்கள் தயவுசெய்து கேளுங்கள்: மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதினால், அந்த வேகம் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழும் வேகத்துக்குச் சமம். அந்த நேரத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. பாசத்துக்குக் குறைவில்லை, பலத்துக்குத்தான் எல்லை உண்டு. குழந்தைக்குப் பின் ஸீட்டில் தனி ஆசனம் பொருத்துங்கள்.

வண்டி பிடித்திருக்கிறதா? இப்போது காகிதம். ஆர்.சி.யில் பாங்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்ததற்குப் பாங்கின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் 35-ம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் அவர் வாங்கிய கடனுக்கு உங்கள் வாசலில் ஆள் வந்து நிற்பான். பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடவும் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விற்கிறவருக்கும் இதில் அவசரம் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வண்டி கைமாறிய 14 நாளுக்குள் எழுதிவிடுங்கள். விற்றவர் சேர்த்து வைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது அவரோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. பழைய கார் வாங்கும்போது சாவி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டையும் கேட்பார்கள். மற்றொரு சாவி வெளியே எவரிடமோ இருப்பதும் நல்லதல்ல. சரி, வாங்கிய இரண்டாவது சாவியை எங்கே வைப்பது? பல வீடுகளில் அது பீரோவுக்குள், பட்டுப் புடவைக்கு அடியில் தூங்குகிறது. அங்கே அதற்கு என்ன வேலை? நடு இரவில் குழந்தைக்கு ஜுரம் வரும்போது ஐயா வெளியூரில் இருப்பார். அன்றைக்கு வாசலில் நிற்கும் கார் உதவுமா, உதவாதா என்பது அம்மாளுக்கு ஓட்டத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிக்கொண்டு, அந்தச் சாவியை உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.