கிளம்பாத பிக்கப்பும் ஐந்தாம் படிவ இயற்பியலும்

“படிப்பு ஏறவில்லையா, பட்டறைக்குப் போ” என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் கிளம்ப மறுக்கும் ஒரு பழைய டீசல் பிக்கப்பின் கோளாற்றைக் கண்டுபிடிக்க, ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் அழுத்தம், மின்சாரம் என்ற இரண்டு பாடங்களும் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். புரியாதவர்கள் ஊகத்தில் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள். பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி பக்கம் போனால், 1990களில் வந்த டீசல் ஹைலக்ஸ்கள் செம்பனைத் தோட்டச் சாலைகளில் இன்னும் ஓடுவதைப் பார்க்கலாம். சிறு தோட்டக்காரர்களுக்கும் காய்கறி வியாபாரிகளுக்கும் அதுதான் பிழைப்பு. வண்டி கிளம்பாத நாளில் வருமானமும் இல்லை.

சாவியைத் திருப்பியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? ‘டக்’ என்ற ஒலியோடு நின்றாலோ, முக்கி முனகிச் சுற்றினாலோ மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம். பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து, நேரே புதிய பேட்டரி வாங்கப் போய்விடுகிறார்கள்.

பேட்டரியைச் சந்தேகித்தால் அளந்து பாருங்கள். முழுதாக மின்னேறிய பேட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். பேட்டரி முனையில் நல்ல அளவு காட்டியும் ஸ்டார்ட்டர் முனகினால் கம்பியைப் பாருங்கள். டீசல் இன்ஜினின் ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. துருப்பிடித்த ஒரு பூமிக்கம்பி இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் போதும். ஓம் விதிப்படி 250-ஐ 0.01-ஆல் பெருக்குங்கள்: 2.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். புதுப் பேட்டரி போட்டாலும் இந்த இழப்பு போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போகும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காற்றை வேகமாக அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்றவைக்கிறோம். மெதுவாக அமுக்கினால் சூடு சிலிண்டர் சுவர் வழியே தப்பித்துவிடும். ஆகவே தளர்ந்த பேட்டரி சில நேரம் எண்ணெய்க் கோளாறு போலவே வேடமிடும். மின்சாரத்தை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து புகை. இன்ஜின் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது குளோ பிளக்குகளைச் சோதிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை.

என் மாணவி ஒருவரின் அப்பா, விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றிவருபவர். அவருடைய பழைய பிக்கப் காலையில் மட்டும் நெடுநேரம் சுற்றியும் கிளம்பாது. மதியத்தில் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றினார்கள். இன்னொன்றில், “காலைக் குளிர்” என்று சொல்லிக் குளோ பிளக்குகள் நான்கையும் மாற்றினார்கள். நம் ஊர் விடியற்காலை 23, 24 பாகை செல்சியஸ். பனி கொட்டும் நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே குளிரைக் குற்றம் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. புதுப் பிளக்குகள் போட்ட பிறகும் வண்டி பழையபடிதான்.

துப்புக் கொடுத்தது மாணவிதான். வீட்டுக்கு வெளியே இருக்கும் சரிவில் வண்டியின் மூக்கு கீழ்நோக்கி நின்ற நாள்களில் காலையிலும் உடனே கிளம்புகிறது என்றார். தற்செயலாக இருக்கலாம், இரண்டு வாரம் குறித்துவை என்றேன். குறித்தார். தற்செயல் இல்லை.

இதற்கு விளக்கம் அழுத்தப் பாடத்தில் இருக்கிறது. இத்தகைய பழைய இன்ஜினில், பின்னால் தாழ்வாக உள்ள டாங்கியிலிருந்து டீசலை இன்ஜெக்‌ஷன் பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. உயர வேறுபாடு 0.6 மீட்டர், டீசலின் அடர்த்தி கன மீட்டருக்கு 840 கிலோகிராம் என்று வையுங்கள். அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 5 கிலோபாஸ்கல். அதாவது பம்பின் வாயிலில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அவ்வளவு குறைவு. குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு துளிகூட இருக்காது. எனவே யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். இரவு முழுக்கக் காற்று புக, டீசல் டாங்கிக்கே இறங்கிவிடுகிறது. மூக்கு தாழ்ந்து நின்றால் உயர வேறுபாடு குறைகிறது, டீசல் இறங்குவதில்லை.

இதை உறுதிசெய்ய ஒரு போமன் (நம் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தானே அழைக்கிறோம்) செய்த சோதனையை நான் எந்த ஆய்வுக்கூடச் சோதனைக்கும் குறைவாக மதிக்கமாட்டேன். இன்ஜின் நின்றிருக்கும்போது, டாங்கியின் பக்கம் குழாயைக் கழற்றி, இன்ஜினைவிட உயரத்தில் வைத்த டீசல் கேனோடு இணைத்தார். இப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். காற்று புகுந்த அதே ஓட்டையில் டீசல் கசிய ஆரம்பித்தது. ஃபில்டருக்குப் பக்கத்தில், இறுகிப்போன இரண்டு சாண் ரப்பர் குழாய். அதை மாற்றியதும் வண்டி சரியானது.

2019இல் நம் நாட்டுப் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை மீத்தைல் எஸ்டர் கலப்பது நடைமுறைக்கு வந்தது. அதுதான் குழாயைக் கெடுக்கிறது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். பழைய டாங்கியில் படிந்த அழுக்கை அது கிளப்பிவிடும், ஃபில்டர் அடைக்கும் என்பது உண்மை. ஆனால் இருபத்தைந்து வயது ரப்பருக்கு எந்த எண்ணெயும் இல்லாமலே வெடிப்பு விழும்.

2005க்குப் பிந்திய காமன் ரயில் பிக்கப்புகளில் கருவியை மாட்டினால் குறியீடு வரும். பி0087 என்றால் ரயில் அழுத்தம் குறைவு. பலர் அத்தோடு பம்பை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு விளைவை மட்டுமே சொல்கிறது. அடைத்த ஃபில்டர், உள்ளே புகும் காற்று, டீசலைத் திருப்பி ஒழுகவிடும் இன்ஜெக்டர், தேய்ந்த பம்ப் எல்லாமே அதே குறியீட்டைத் தரலாம். விலை மலிவான சோதனையிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஒன்று கவனம்: அந்த ரயிலில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் எழும். தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் அது. இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களில் யாரும் கை வைக்கக்கூடாது. குளோ பிளக் சூடாக இருக்கும் இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் அதே அளவு ஆபத்து.

அழுத்தப் பாடத்தில் நாம் அணைக்கட்டையும் மனோமீட்டரையும் வரைகிறோம், எஸ்.பி.எம். தேர்வுக்கு அது போதும். ஒரு மீட்டர் ஒளிபுகும் குழாயும் ஒரு மல்டிமீட்டரும் ஓர் உணவு வேளைச் செலவில் கிடைக்கும்போது, அந்தப் பாடத்தை ஏன் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நடத்தக்கூடாது என்பது என் கேள்வி. சக ஆசிரியர்கள் நேரமில்லை என்பார்கள். ஒரு பாடவேளை போதும். இந்த வாரம் வீட்டில் பெரியவர் ஒருவர் துணையோடு பேட்டரியின் வோல்ட்டை மூன்று முறை அளந்து வாருங்கள்: ஓய்வில் ஒன்று, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்று, இன்ஜின் ஓடும்போது ஒன்று. மூன்றாவது எண் முதலாவதைவிட ஏன் அதிகம் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.